துறைசார் கலைக்கல்வி - ஓர் அறிமுகம்

1980களில் அமெரிக்கப் பள்ளிகளின் ஓவிய வகுப்பைத் தலைகீழாக மாற்றிவிட ஒரு பெரிய முயற்சி நடந்தது. 'டிசிப்ளின் பேஸ்டு ஆர்ட் எஜுகேஷன்' என்பது அதன் பெயர்; கல்வித்துறைக்காரர்கள் டி.பி.ஏ.இ. என்பார்கள். நான் 'துறைசார் கலைக்கல்வி' என்று எழுதுகிறேன். 'டிசிப்ளின்' என்றதும் நம்மூரில் படித்தவர்களுக்குப் பிரம்பும் காலை அணிவகுப்பும்தான் நினைவுக்கு வரும். இங்கே அந்தப் பொருள் இல்லை, அறிவுத்துறை என்ற பொருள். கலையைச் சுற்றி நான்கு துறைகள் இருக்கின்றன: படைத்தல், கலை வரலாறு, விமர்சனம், அழகியல். ஓவியரும் வரலாற்றாசிரியரும் விமர்சகரும் தத்துவவாதியும் ஒரு கலைப்பொருளின்முன் நின்று செய்கிற வேலையில் ஒரு சிறு பங்கைக் குழந்தையும் தன் வயதுக்கேற்பச் செய்து பார்க்கவேண்டும் என்பதே இதன் சாரம்.

இதற்குப் பின்னால் நின்றது லாஸ் ஏஞ்சலஸின் ஜெ. பால் கெட்டி அறக்கட்டளை. நான் குடியிருப்பது ஹூஸ்டனுக்கு மேற்கே இருக்கும் கேட்டி. எழுத்தில் குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள வித்தியாசம்தான். உறவு ஒன்றும் கிடையாது. ஆனாலும் கெட்டி பணத்தில் வளர்ந்த யோசனையின் சாயலைக் கேட்டிப் பக்கத்துப் பள்ளிகளிலும் பார்க்க முடிகிறது. என் மகள் ஆரம்பப்பள்ளியில் சேர்ந்த பிறகுதான் இதையெல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் மென்பொருள்காரன், கல்வியாளன் அல்ல. பொறியியலில் முதுகலை வரை படித்தும் ஒரு படத்தை எப்படிப் பார்ப்பது என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அந்த ஆதங்கமும் இக்கட்டுரையில் கொஞ்சம் கலந்திருக்கும்.

கெட்டிக்கு முன்னால் அமெரிக்க ஓவிய வகுப்பை ஆண்டவர் விக்டர் லோவன்ஃபெல்ட். ஆஸ்திரியாவிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி வந்த யூதர். வியன்னாவில் பார்வையற்ற குழந்தைகளுக்குச் சிற்பம் சொல்லிக்கொடுத்தவர். 1947இல் வெளியான அவரது 'படைப்பு வளர்ச்சியும் மன வளர்ச்சியும்' என்ற நூல் பல பதிப்புகள் கண்டது. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளில் ஏறத்தாழ வேதம். குழந்தையின் கிறுக்கல் குழந்தையின் மனவளர்ச்சியோடு சேர்ந்து படிப்படியாக வளர்கிறது, பெரியவர்கள் மாதிரிப் படம் கொடுத்து அதைக் கெடுக்கக்கூடாது, வண்ணம் தீட்டும் புத்தகங்கள் விஷம் என்பது அவர் வாதம். நல்ல வாதம்தான். ஆனால் அவர் சொன்னதைச் சோம்பேறித்தனமாகப் பின்பற்றியவர்கள் காகிதத்தையும் வண்ணத்தையும் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். வகுப்பு என்பது நன்றிவிழாவுக்கு வான்கோழி, கிறிஸ்துமஸுக்கு மரம் என்று சுருங்கியது.

இங்கே ஹூஸ்டன் தொடர்பான ஒன்றைச் சொல்லியாகவேண்டும். லோவன்ஃபெல்ட் அமெரிக்கா வந்தபின் வர்ஜீனியாவில் கறுப்பின மாணவர்களுக்கான ஹாம்ப்டன் கல்லூரியில் சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். அங்கே அவரிடம் படித்தவர் ஜான் பிக்கர்ஸ். இந்த பிக்கர்ஸ்தான் 1949இல் ஹூஸ்டன் வந்து, இன்று டெக்சஸ் சதர்ன் பல்கலைக்கழகம் என்று அழைக்கப்படும் கல்லூரியில் கலைத்துறையைத் தொடங்கினார். அங்கே படித்த மாணவர்கள் வளாகத்தின் ஹானா ஹால் சுவர்களில் ஆளுக்கொரு சுவரோவியம் வரைந்தார்கள். தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த அந்த ஓவியங்களின் நடுவேதான் அடுத்த தலைமுறை நடந்துபோனது. பிக்கர்ஸ் 1957இல் யுனெஸ்கோ உதவித்தொகையில் மேற்கு ஆப்பிரிக்கா போய் வந்து, 1962இல் அதைப் படங்களோடு ஒரு நூலாக்கினார். தன் மாணவர்களை ஆப்பிரிக்கச் சிற்பங்களைப் பார்க்கத் தூண்டியவர் லோவன்ஃபெல்ட் என்பது பிக்கர்ஸ் வரலாற்றில் வருகிற செய்தி. ஆக, 'சுய வெளிப்பாடு' என்ற கட்சியின் தலைவர் நிஜ வகுப்பறையில் வரலாற்றையும் சேர்த்தே கற்பித்திருக்கிறார். பின்னால் வந்த சண்டைகளில் இது வசதியாக மறக்கப்பட்டது.

1957இல் ரஷ்யா ஸ்புட்னிக்கை ஏவியது. அமெரிக்காவுக்குத் தன் பள்ளிக்கூடங்கள்மீது சந்தேகம் வந்தது. அடுத்த ஆண்டே தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம். அறிவியலுக்கும் கணிதத்துக்கும் பணம் கொட்டியது. 1959இல் வுட்ஸ் ஹோல் என்ற கடலோர ஊரில் விஞ்ஞானிகளும் உளவியலாளர்களும் கூடிப் பேசினார்கள். அதையொட்டி ஜெரோம் புரூனர் 1960இல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். ஒவ்வொரு துறைக்கும் உள்ளே ஓர் அமைப்பு இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டால் எந்தப் பாடத்தையும் எந்த வயதுக் குழந்தைக்கும் நேர்மையான ஒரு வடிவில் கற்பிக்கலாம் என்பது அவர் கருத்து. இயற்பியலுக்கு அமைப்பு உண்டு, சரி, ஓவியத்துக்கு? ஒஹையோவிலிருந்த மேனுவல் பார்க்கன் உண்டு என்றார். கலைஞர், விமர்சகர், வரலாற்றாசிரியர் மூவரும் வெவ்வேறு கேள்வி கேட்கிறார்கள், அந்தக் கேள்விகளே பாடத்திட்டத்தின் அடித்தளம் என்றார். 1965இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த கருத்தரங்கில் இது விவாதிக்கப்பட்டது. பின்பு ஸ்டான்ஃபோர்டில் எலியட் ஐஸ்னர் கெட்டரிங் திட்டம் என்ற பெயரில் ஆரம்பப்பள்ளிகளுக்கு இந்த வழியில் பாடங்கள் தயாரித்தார். (வளைகுடாப் பகுதி வாசகர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.) யோசனை முழுதாக இருந்தது, பணம்தான் இல்லை.

பணம் வந்தது எண்ணெய் முதலாளி கெட்டி 1976இல் இறந்து, அவர் சொத்து அறக்கட்டளைக்குப் போனபிறகு. உலகிலேயே வசதியான கலை நிறுவனமாக அது மாறியது. 1982இல் அதற்குள் கலைக்கல்விக்கென ஒரு மையம் பிறந்தது. இயக்குநர் லெய்லானி லாட்டின் டியூக். 1983 கோடையிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரப் பள்ளி ஆசிரியர்களை அழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். 1984இல் டுவெய்ன் கிரியர் ஒரு கட்டுரையில் இம்முறைக்கு இன்று நிலைத்திருக்கும் பெயரைச் சூட்டினார். 1987இல் கில்பர்ட் கிளார்க், மைக்கேல் டே, கிரியர் மூவரும் சேர்ந்து இதன் கொள்கையை நீளமாக எழுதினார்கள்.

பயிற்சிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஓவிய ஆசிரியர்கள் அல்ல, சாதாரண வகுப்பாசிரியர்கள். இதற்கு ஒரு காரணம் உண்டு. 1978இல் கலிஃபோர்னியாவில் 13ஆம் முன்மொழிவு என்ற சட்டம் வாக்கெடுப்பில் வென்று சொத்துவரியைக் கட்டிப்போட்டது. பள்ளிகளின் வருமானம் சுருங்க, முதலில் வெட்டப்பட்டவை ஓவியமும் இசையும். ஓவிய ஆசிரியர் இல்லாத பள்ளியில் ஓவியம் கற்பிக்கவேண்டுமென்றால் கணக்கு சொல்லித்தருகிற அதே ஆசிரியையைத்தான் தயார்செய்ய வேண்டும். வரையத் தெரியாத ஆசிரியைக்கும் ஒரு படத்தைப் பற்றிப் பேசவும் படிக்கவும் முடியும். இம்முறை ஏன் இவ்வளவு 'பேச்சாக' இருக்கிறது என்ற புகாருக்குப் பாதிப் பதில் இந்த வரிச்சட்டத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பின்பு கெட்டியின் உதவியோடு வட்டார நிறுவனங்கள் உருவாயின: ஃபுளோரிடா, மின்னசோட்டா, நெப்ராஸ்கா, ஒஹையோ, டென்னசி, டெக்சஸ். டெக்சஸில் டென்டன் நகரில் இருக்கும் வடக்கு டெக்சஸ் பல்கலைக்கழகம் அதை நடத்தியது; டல்லாஸ், ஃபோர்ட் வொர்த் அருங்காட்சியகங்களும் பள்ளி மாவட்டங்களும் சேர்ந்துகொண்டன. ஆசிரியர்கள் கிம்பெல், ஏமன் கார்ட்டர் போன்ற அருங்காட்சியகங்களின் அசல் படைப்புகள்முன் நின்று பாடம் தயாரித்தார்கள்.

சரி, நான்கு துறைகள் என்றால் நடைமுறையில் என்ன? அமெரிக்க நூல்களில் வழக்கமாக மோனேயையோ பிக்காசோவையோ உதாரணம் காட்டுவார்கள். நான் நமக்குத் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: சிவபுரம் நடராசர்.

முதலில் படைத்தல். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் நயமான மண்ணைப் பூசி, பிறகு முரட்டு மண்ணைப் பூசி, காயவைத்துச் சுடுகிறார்கள். மெழுகு உருகி ஓடிவிடுகிறது. அது விட்டுப்போன வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுகிறார்கள். ஆறியபின் மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அச்சு ஒரே ஒருமுறைதான். எனவே ஒரு சிலையைப் போல இன்னொன்று அச்சுஅசலாக இருக்க வாய்ப்பில்லை. சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான் செய்கிறார்கள். உலோகம் ஊற்றுவதைக் குழந்தையிடம் விடமுடியாது. ஆனால் மெழுகில் ஒரு காலைத் தூக்கி மறுகாலில் நிற்கிற உருவம் ஒன்றைப் பிடிக்கச் சொல்லலாம். அது நிற்காது, சாயும். சோழநாட்டு ஸ்தபதிக்கு என்ன சிக்கல் இருந்தது என்பது அந்த நொடியில் குழந்தைக்குப் புரிந்துவிடும். பத்துப் பக்கக் குறிப்பு படித்தாலும் அது புரியாது.

அடுத்தது வரலாறு. பத்தாம் நூற்றாண்டு, காவிரிக்கரையில் கற்றளிகள் எழுந்த காலம், செம்பியன் மாதேவி போன்ற அரசியர் கோயில்களுக்குச் செய்த கொடைகள். இந்தச் சிலை 1951இல் தஞ்சை மாவட்டம் சிவபுரத்தில் மண்ணுக்கடியிலிருந்து வேறு சில செப்புத்திருமேனிகளோடு கிடைத்தது. கோயிலுக்குக் கொடுக்கப்பட்டது. பிறகு பழுதுபார்க்க அனுப்பினார்கள். திரும்பி வந்தது நகல். ஊர் அதற்குத்தான் தீபாராதனை காட்டிக்கொண்டிருந்தது.

இங்கேதான் விமர்சனம் என்ற மூன்றாம் துறை நுழைகிறது. கோயிலில் இருப்பது போலி என்பதை 1965இல் தன் சோழர் செப்புச்சிலை நூலில் எழுதியவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் டக்ளஸ் பாரெட். அவர் கையிலிருந்த முக்கியக் கருவி பயிற்சிபெற்ற கண். பள்ளியில் விமர்சனம் கற்பிக்க எட்மண்ட் ஃபெல்ட்மனின் நான்கு படிகளைப் பயன்படுத்துவது வழக்கம்: என்ன தெரிகிறது என்று விவரி, அவை எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்று பகுத்துப்பார், என்ன பொருள் என்று யோசி, கடைசியாகத்தான் மதிப்பிடு. நம்மில் பலர் நாலாம் படியிலிருந்து தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறோம் - 'சூப்பரா இருக்கு' அல்லது 'இதெல்லாம் ஒரு படமா?'

அசல் சிலையை 1973இல் நார்ட்டன் சைமன் என்ற கோடீசுவரரின் அறக்கட்டளை வாங்கியது. இந்திய அரசு வழக்குத் தொடுத்தது. 1976இல் சமரசம் ஏற்பட்டது: சிலை இந்தியாவுடையது, ஆனால் பத்தாண்டுகள் கலிஃபோர்னியாவில் காட்சிக்கு இருக்கலாம். அப்படியே பாசடீனாவில் இருந்துவிட்டு 1986இல் நாடு திரும்பியது. அழகியல் என்ற நான்காம் துறைக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்குமா? கோயிலில் அது அபிஷேகமும் பட்டும் மாலையும் பெற்று வீதியுலா வருகிற சாமி. உடலின் வளைவு துணிக்குள் மறைந்திருக்கும். பாசடீனாவில் விளக்கொளியில் முழு வடிவமும் தெரிய நின்ற சிற்பம். இரண்டில் எங்கே அது சரியாகப் பார்க்கப்பட்டது? போலியின்முன் கண்ணீர் மல்க நின்றவரின் அனுபவமும் போலிதானா? எட்டு வயதுக் குழந்தைகூட இக்கேள்விக்கு ஆவேசமாகப் பதில் சொல்லும். கெட்டி மையம் லாஸ் ஏஞ்சலஸ் ஆசிரியர்களுக்கு அழகியல் கற்பித்த முதல் மூன்று கோடைகளிலும் அதே வட்டாரத்தில்தான் இந்த நடராசர் ஆடிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது.

எதிர்ப்பு இல்லாமலில்லை. 1988இல் ஜூடித் பர்ட்டன், ஆர்லீன் லெடர்மன், பீட்டர் லண்டன் ஆகியோர் தொகுத்த நூல் ஒன்று, கலையைக் கற்பிக்க ஒரே வழி என்று எதையும் ஏற்கமுடியாது என்று வாதிட்டது. ஐரோப்பிய ஆண் மேதைகளின் பட்டியலைக் குழந்தைகள்மேல் திணிக்கிறார்கள் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. தொடக்ககாலத்தைப் பொறுத்தவரை அதில் உண்மை இருந்தது. பெண்ணியவாதிகளும் பன்மைப் பண்பாடு பேசியவர்களும் அழுத்திக் கேட்டபிறகு பட்டியல் விரிந்தது. விளம்பரம், சினிமா, கணினி விளையாட்டு எல்லாம் சேர்ந்த 'காட்சிப் பண்பாடு' முழுவதையும் பாடமாக்கவேண்டும் என்றார்கள் அதற்கும் பின்னால் வந்தவர்கள். என் கணக்கில் இவற்றையெல்லாம் விடப் பெரிய குறை நேரம். வாரத்துக்கு ஒரு வகுப்பு, அதை நாலாக வகுத்தால் குழந்தை கையில் தூரிகை இருக்கும் நேரம் எவ்வளவு? வரலாறும் விமர்சனமும் தேர்வு வைக்க வசதியானவை, மெழுகு வசதிப்படாது. வசதியானது வசதிப்படாததைத் தின்றுவிடும்.

அறக்கட்டளையின் தலைமை மாறியதும் 1990களின் கடைசியில் கெட்டியின் கல்வி நிறுவனம் மூடப்பட்டது. அதற்குள் விதை தூவப்பட்டுவிட்டது. 1994இல் தேசியக் கலைக்கல்வித் தரங்கள் வந்தன. 2014இல் அவை திருத்தப்பட்டபோது படைத்தல், முன்வைத்தல், எதிர்வினையாற்றுதல், தொடர்புபடுத்துதல் என்று நான்கு தலைப்புகள். டெக்சஸ் மாநிலப் பாடத்திட்டத்திலும் ஓவியத்துக்கு நான்கு இழைகள்: உற்றுநோக்கலும் உணர்தலும், படைப்பு வெளிப்பாடு, வரலாற்றுப் பண்பாட்டுப் பொருத்தம், விமர்சன மதிப்பீடு. நேர் வாரிசு என்று பத்திரம் எழுதித்தர மாட்டேன், முகச்சாயல் இருக்கிறது. இங்கே உயர்நிலைப்பள்ளி முடிக்க ஒரு நுண்கலைப் பாடமாவது தேறவேண்டும் என்பதும் விதி. அதை 'வேஸ்ட் கிரெடிட்' என்று சொல்லும் நம்மவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன்.

அவர்களுக்கு நான் சொல்வது 'வேஸ்' பற்றி. டெக்சஸ் ஓவிய ஆசிரியர் சங்கம் உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் நிகழ்ச்சி அது. படத்தை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கமுடியாது. மாணவர் தன் படத்தோடு நடுவர்முன் உட்கார்ந்து, ஏன் இதை வரைந்தேன், ஏன் இந்த வண்ணம், எதைப் பார்த்துக் கற்றேன் என்று பேசவேண்டும். ஒன்று முதல் நான்கு வரை தரம். நான்கு வாங்கினால் பதக்கம். எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்ப்பையன், வீட்டில் மூன்று வார்த்தைக்குமேல் பேசாதவன், தன் பாட்டியின் கைகளை வரைந்து எடுத்துப்போனான். அந்த நடுவரிடம் பாட்டியைப் பற்றிப் பேசியதில் நேரம் போனதே தெரியவில்லை என்று அவன் அம்மா சொன்னார். என்ன பேசினான் என்று அவருக்கும் தெரியாது!

இன்னொரு பக்கம், ஹூஸ்டன் ரோடியோவின் பள்ளி ஓவியப் போட்டி. 1964இலிருந்து நடக்கிறது. கருப்பொருள் எப்போதும் மேற்கத்திய வாழ்க்கைதான்: குதிரை, மாட்டுக்காரன், பூட்ஸ், நீண்ட கொம்புக் காளை. சிறந்த உயர்நிலைப்பள்ளி ஓவியங்களை ஏலம் விட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறார்கள். எங்கள் தெருக் குழந்தைகள் லாங்ஹார்ன் காளையைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவார்கள். காங்கேயம் காளையின் திமிலை ஒருவரும் வரைந்து பார்த்ததில்லை. டெக்சஸ்காரர்கள்மேல் இதில் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் தங்கள் மாட்டை அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிறார்கள். நம் மாட்டை நாம்தான் கொடுக்கவேண்டும்.

தமிழ்நாட்டில் நான் படித்த காலத்தில் டிராயிங் மாஸ்டர் இருந்தார். பூச்சாடி, இரண்டு மாம்பழம், பொங்கல் பானை. அவர் விடுப்பில் போனால் அந்த வகுப்பைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார், அவர் இருந்தாலும் சில நாள் எடுத்துக்கொள்வார். சித்தன்னவாசல் என்ற பெயர் வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு வரி. தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் நாயக்கர்கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்த கதையை எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை. துப்பறியும் நாவலுக்கு நிகரான கதை அது. மயிலை சீனி. வேங்கடசாமி 1956லேயே 'தமிழர் வளர்த்த அழகுக்கலைகள்' எழுதிவைத்தார். பள்ளி அதைத் திரும்பிப் பார்த்திருக்கலாம்.

இந்தியாவின் 2005ஆம் ஆண்டு தேசியக் கலைத்திட்டச் சட்டகம் பத்தாம் வகுப்பு வரை கலையைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. அண்மைக்காலத்தில், குறிப்பாக 2020 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு, 'கலை ஒருங்கிணைந்த கற்றல்' என்ற பேச்சு அதிகம். இதையும் துறைசார் கலைக்கல்வியையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. பின்னத்தைப் புரியவைக்கப் படம் வரைவது ஒருங்கிணைந்த கற்றல். அங்கே கலை கணக்குக்குக் கூலியாள். துறைசார் முறையில் கலையே பாடம், மற்றவை அதற்கு உதவிக்கு வருகின்றன. எனக்குப் பின்னதில்தான் நம்பிக்கை. ஆனால் பயிற்சிபெற்ற ஆசிரியர் இல்லாமல் இரண்டும் நடக்காது.

ஹூஸ்டன் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மெனில் சேகரிப்பு 1987இலிருந்து கட்டணமில்லாமல் திறந்திருக்கிறது. அங்கே சுவரில் விளக்கக் குறிப்புகள் மிகக் குறைவு. முதலில் பார், பிறகு படி என்பது அவர்கள் கட்சி. வரலாற்றுத் துறைக்காரர்கள் இதை ஏற்கமாட்டார்கள், குழந்தைகளுக்கு இது பிடிக்கிறது. அருகிலேயே 1971இல் திறந்த ராத்கோ தேவாலயம்: கறுப்பும் கருஊதாவுமாகப் பதினான்கு பெரிய ஓவியங்கள், வேறொன்றுமில்லை. டல்லாஸ் போனால் அங்குள்ள கலை அருங்காட்சியகத்தில் சோழர்கால நடராசர் ஒருவர் இருக்கிறார்.

அவ்வளவு தூரம் போகமுடியாத ஒரு சனிக்கிழமை, எங்கள் தமிழ் வகுப்பில் கோலத்தை வைத்து இந்த நான்கையும் முயன்று பார்த்தோம். புள்ளி வைத்துச் சிக்குக்கோலம் போடச் சொன்னது படைத்தல். அரிசிமாவு ஏன், வாசலில் ஏன், மார்கழியில் ஏன் என்பது வரலாறு. பாட்டிகளுக்குத் தொலைபேசியில் கேட்டுவரச் சொன்னோம், ஒவ்வொரு பாட்டியும் ஒரு காரணம் சொன்னார். விமர்சனத்துக்கு, கோடு ஒரே இழையா இரண்டு இழையா என்று விரலால் தொடர்ந்து பார்த்தார்கள். இந்த இடத்தில் என் தொழில்புத்தி சும்மா இருக்கவில்லை. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனும் 1974இல் கோலங்களை விளக்கக் கணினியியல் இலக்கணம் ஒன்றை உருவாக்கினார்கள் என்று சொன்னேன். இரண்டு பேர் மட்டும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அழகியலுக்கு, மாலைக்குள் மிதிபட்டு அழிந்துபோவதை அருங்காட்சியகத்தில் வைக்கலாமா என்று கேட்டேன். வைக்கலாம், தினமும் ஒருவர் வந்து புதிதாகப் போடவேண்டும் என்றாள் ஒரு பெண். அப்படியானால் அருங்காட்சியகத்தில் இருப்பது கோலமா, அதைப் போடத் தெரிந்த ஆளா என்று பக்கத்திலிருந்த பையன் கேட்டான். மணி அடித்துவிட்டது. அடுத்த வாரம் அதிலிருந்தே தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறேன்.